ஐம்பதாயிரத்தில் ஒரு வீடு

கோவையில் ஒரு பிராட்பேண்ட் நிறுவனத்தில் விளம்பர வாசகம் எழுதும் வேலையில் ஐந்து ஆண்டுகள் இருந்தேன். நான் எழுதியவற்றில் அதிகம் பேரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு மஞ்சள் நிற பிட் நோட்டீஸ். தீபாவளிக்குப் பத்து நாட்களுக்கு முன்னால் காலை நாளிதழுக்குள் செருகி வீடு வீடாக அனுப்பினோம். "50,000 இல்லங்கள்! ஒரே ஆண்டில் 40 சதவீத வளர்ச்சி! கோவையின் நம்பிக்கை!" முதல் இரண்டு ஆச்சரியக்குறிகள் என்னுடையவை. மூன்றாவதை மேலாளர் சேர்த்தார்.

அந்த வாசகத்துக்காக அரை நாள் கூட்டம் நடந்தது. எண்ணைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. "இணைப்புகள்" என்று போடுவதா, "இல்லங்கள்" என்று போடுவதா என்பதில்தான் சண்டை. இணைப்பு என்றால் ஒயர் ஞாபகம் வருகிறது, இல்லம் என்றால் குத்துவிளக்கு ஞாபகம் வருகிறது என்று வாதாடி நான் ஜெயித்தேன். அந்த ஐம்பதாயிரத்தில் பேக்கரிகள் இருந்தன, மருந்துக் கடைகள் இருந்தன, கணபதிப் பக்கம் ஒரு சந்து நிறைய லேத் பட்டறைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குத்துவிளக்கு ஏற்றிவிட்டோம்.

தீபாவளி வாரத்தில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டதால், புகார் தொலைபேசியில் உட்கார என்னையும் அழைத்தார்கள். முதல் நாள் மாலையே சிங்காநல்லூரிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். வாடிக்கையாளர் எண்ணைத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்.

"ஏன் கண்ணு, உங்கள் நோட்டீஸ் வந்தது. ஐம்பதாயிரம் வீடு சேர்ந்துவிட்டதாமே?"

"ஆமாம் அம்மா" என்றேன். எழுதியவன் நான்தான் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"ரொம்ப சந்தோஷம். அதனால்தான் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் என் வீட்டில் நெட் வருவதில்லையா?"

மகள் மஸ்கட்டில் இருக்கிறார். வேலை முடிந்து அவர் அழைக்கும் நேரத்தில் பேரனின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடுகிறது. மூன்று முறை புகார் செய்தாயிற்று. நான்காவது புகாரை நான் பதிவு செய்து, எண்ணைக் கொடுத்து, 24 மணி நேரத்தில் ஆள் வருவார் என்று சொன்னேன். அந்த 24 மணி நேரமும் நான் எழுதிய வாசகம்தான், வேறொரு நோட்டீஸில்.

அவர் சொன்னதைக் கிண்டல் என்றே எடுத்துக்கொண்டேன். மறுநாள் தேநீர்க் கடையில் எங்கள் டெக்னீஷியன் ஒருவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. வடை மடித்து வந்த காகிதத்தில் ஒரு கோடு போட்டார். அலுவலகத்திலிருந்து ஒரு ஃபைபர் புறப்படுகிறது. வழியில் ஸ்பிளிட்டர் என்ற சின்ன டப்பா. அங்கே அந்த ஒரே ஒளி 32 ஆகவோ 64 ஆகவோ பிரிந்து வீடுகளுக்குப் போகிறது. ஜிபான் என்று சொல்லப்படும் இந்த முறையில் ஒரு ஃபைபரில் நொடிக்கு ஏறக்குறைய 2.5 கிகாபிட் வரும். அதை அத்தனை வீடுகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பங்கு போடுவதில் தப்பில்லை. எல்லா வீடுகளும் ஒரே நொடியில் இழுக்காது என்ற கணக்கில்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. எங்கள் சிக்கல் அதற்கும் மேலே இருந்தது. பெரிய நிறுவனங்களிடமிருந்து நாங்கள் மொத்தமாக வாங்கும் பேண்ட்வித், அதாவது இணையக் கொள்ளளவு, வீடுகள் கூடிய வேகத்தில் கூடவில்லை. சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு வந்து கிரிக்கெட்டையும் படத்தையும் போட்டால் குழாய் நிறைந்துவிடுகிறது. டெக்னீஷியன்களின் எண்ணிக்கையோ ஒன்றுகூடக் கூடவில்லை.

"பந்திக்கு நூறு பேர் அதிகமாக வந்துவிட்டால் ரசத்தில் தண்ணீர் விடுவார்கள் இல்லையா சார், அதுதான்" என்று காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

அந்த அம்மா கேட்டது கேலி அல்ல, பழுதின் சரியான காரணம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சாதனை என்று எழுதியதை அவர் கூட்டம் என்று படித்திருக்கிறார். பஸ்ஸில் நிற்கிறவனிடம் போய் இந்த வழித்தடத்தில் பயணிகள் 40 சதவீதம் அதிகரித்துவிட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னால் அவன் என்ன நினைப்பான்?

எண்ணில் பொய் கிடையாது. விளம்பரத்தில் சொல்வதற்கு ஆதாரம் வேண்டும் என்று, 1985 முதல் இருக்கும் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் சொல்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் 2022இல் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. யார் கேட்டாலும் பில்லிங் கணினியிலிருந்து பட்டியலை அச்சடித்துக் கொடுத்திருப்போம். எந்த விதியும் எங்களைத் தொட்டிருக்காது. நிஜமான எண், மாதம் 600 ரூபாய் கட்டுகிறவருக்கு ஒன்றுமே சொல்லாத எண். பின்னே யாருக்காக எழுதினேன் என்று யோசித்தால், கடன் கேட்டிருந்த வங்கியின் மேலாளர் நினைவுக்கு வருகிறார். தங்கள் பகுதியை எங்களோடு சேர்ப்பதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்த கேபிள் ஆபரேட்டர்கள் வருகிறார்கள். கொஞ்சம் முதலாளியின் சம்பந்தி வீட்டாரும்.

அளவைப் பற்றிப் பேசினால் வாடிக்கையாளர் காதில் விழவே விழாது என்று நான் சொல்ல மாட்டேன். 1999இல் தமிழ்நாட்டில் சேவையைத் தொடங்கிய ஏர்செல், 2018 பிப்ரவரியில் திவால் நடவடிக்கைக்குப் போனது. சிக்னல் இல்லாத போனை வைத்துக்கொண்டு, எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றும் குறியீட்டுக்காக மக்கள் அலைந்தார்கள். அதற்குப் பிறகு எங்களிடம் இணைப்பு வாங்க வந்த பலரும் தயங்கித் தயங்கி ஒன்றைக் கேட்டார்கள்: "நீங்கள் இருப்பீர்கள்தானே?" ஓராண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டப் போகிறவருக்கு அது நியாயமான பயம். ஐம்பதாயிரம் என்பது அந்தக் கேள்விக்கு ஒரு பதில், ஆனால் அரைப் பதில். ஏர்செல்லிடம் கோடிக்கணக்கில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

போதாததற்கு, சேர்ந்தவர் வேறு, இருப்பவர் வேறு. மேசை டிராயரில் தூங்கும் இரண்டாவது சிம்மும் கணக்கில் வரும் என்பதால்தான், நெட்வொர்க்கில் உண்மையில் உயிரோடு இருக்கும் சிம்கள் எத்தனை என்பதையும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் தனியாகக் கணக்கிட்டு மாதாமாதம் வெளியிடுகிறது. எங்கள் ஐம்பதாயிரத்துக்கு அப்படி ஒரு வாத்தியார் வாய்க்கவில்லை.

நம் ஊர்க் கடைக்காரர்கள் இந்த விஷயத்தில் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். "எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது" என்று எத்தனை பெயர்ப் பலகைகளில் பார்த்திருக்கிறோம்! வளரவில்லை என்பதையே ஒரு விளம்பரமாக எழுதி, விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயில் எதிரே இருக்கும் இருட்டுக்கடையில் சாயங்காலம் அல்வா விற்பனை தொடங்கும். சற்று நேரத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்துபோவதே அந்தக் கடையின் விளம்பரம். ஒரே பெயரைப் போட்டு ஏமாற்றும் போலிக் கடைகளுக்கு எதிரான எச்சரிக்கையாகவே கிளை இல்லை என்ற வரி வந்திருக்கலாம். ஆனாலும் படிக்கிறவருக்கு அதில் ஒரு செய்தி இருக்கிறது: முதலாளி இங்கேதான் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார், சண்டை போட வேண்டுமென்றால் நேராக வரலாம்.

வளர்ச்சி எண் வாடிக்கையாளரையே தின்றுவிட்ட கதை அமெரிக்காவில் நடந்தது. வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒரு வாடிக்கையாளர் சராசரியாக எத்தனை சேவைகளை வைத்திருக்கிறார் என்பதைக் காலாண்டுதோறும் முதலீட்டாளர்களிடம் பெருமையாகச் சொல்லிவந்தது. எட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது இலக்கு. கிளைகளில் இருந்த ஊழியர்கள் நெருக்கடி தாங்காமல், வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நடந்த மறு ஆய்வில், அப்படித் திறக்கப்பட்டிருக்கக்கூடிய கணக்குகள் 35 லட்சம் வரை என்று தெரிந்தது. எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அப்புறம்தான் வருகிறது. 2018 பிப்ரவரியில் அமெரிக்க மத்திய வங்கி, நிர்வாகத்தைச் சீர்செய்யும் வரை 2017 முடிவில் இருந்த சொத்து அளவைத் தாண்டக் கூடாது என்று அந்த வங்கிக்கு உத்தரவு போட்டது. அது 2025 ஜூனில்தான் நீங்கியது. வளரக் கூடாது என்பதே தண்டனை. அதுவும் ஏழு ஆண்டுகளுக்குமேல்!

நாங்கள் யார் பெயரிலும் கள்ள இணைப்பு கொடுக்கவில்லை. அந்த அளவுக்குத் துணிச்சல் உள்ள ஆட்கள் எங்களிடம் இல்லை.

அடுத்த நோட்டீஸுக்கு வேறொரு வரியை எழுதிப் பார்த்தேன். "புகார் கொடுத்தால் சராசரியாக எத்தனை மணி நேரத்தில் சரிசெய்கிறோம் தெரியுமா?" எண்ணை நிரப்புவதற்காகப் புகார்ப் பதிவேட்டை எடுத்தேன். சராசரி 31 மணி நேரம் என்று வந்தது. அதை அச்சிட முடியாது என்பது எனக்கே தெரிந்தது. ஆனாலும் வேலையை வேகப்படுத்தி 31ஐ 20 ஆக்கிவிட்டுப் போடலாமே என்று மேலாளரிடம் கொண்டுபோனேன். அவர் நல்ல மனிதர், நிதானமாகவே கேட்டார்: "இதைப் போட்டால் நம் லைனில் பழுது வரும் என்று நாமே ஒப்புக்கொண்டது போல ஆகாதா?" எனக்குப் பதில் வரவில்லை. அதற்கு ஒரு பதில் இருந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். நோட்டீஸ் "60,000 இல்லங்களை நோக்கி" என்று அச்சாகி வந்தது.

சிங்காநல்லூர் அம்மா தை மாதத்தில் இணைப்பை நிறுத்திவிட்டார். வடைக் காகிதத்தில் கோடு போட்ட அதே டெக்னீஷியன்தான் போய் மோடத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதன் பின்பக்கத்தில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் கடவுச்சொல்லை எழுதியிருந்தார்கள். பேரனின் பெயர், பக்கத்தில் அவன் பிறந்த வருடமாக இருக்கலாம், ஒரு நான்கு இலக்க எண். ஸ்டோரில் இருந்த பையன் பிளேடால் அதைச் சுரண்டி எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, பழைய அமைப்புகளை அழித்து, புதுப் பெட்டியில் வைத்தான். மறு வாரம் அது ஒண்டிப்புதூரில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போனது.

மாதக் கடைசியில் அறிக்கையின் முதல் வரியை வழக்கம்போல நான் எழுதினேன். புதிய இணைப்புகள்: 612.