மயக்க மருந்து அலர்ஜி: எந்த மருந்து என்று கண்டுபிடித்தது எப்படி

பித்தப்பைக் கல்லுக்காகத் தியேட்டருக்குள் போன எனக்கு அன்று ஆபரேஷனே நடக்கவில்லை. மயக்கம் கொடுத்த சில நிமிடங்களில் பிபி அடியோடு விழுந்து, மூச்சுக்குழாய் இறுகிப்போனதாம். வயிற்றில் துளை போடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அட்ரினலின் கொடுத்து என்னைக் காப்பாற்றினார்கள். அந்த மயக்க டாக்டரின் வேகத்தால்தான் இன்று இதை எழுதுகிறேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மயக்க மருந்து அலர்ஜி' என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. கல்லும் அப்படியே உள்ளே இருந்தது.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. முழு மயக்கம் கொடுக்கும்போது போடுவது ஒரு மருந்து இல்லை. தூங்க வைக்க ஒன்று, வலி தெரியாமலிருக்க ஒன்று, தசைகளைத் தளர்த்த ஒன்று, கிருமி வராமலிருக்க ஆன்டிபயாடிக், தோலைத் துடைக்கும் திரவம், கையுறையின் ரப்பர் என்று கொஞ்ச நேரத்துக்குள் எத்தனையோ பொருள்கள் உடம்பில் சேர்கின்றன. எது என்று தெரியாவிட்டால் அடுத்த டாக்டர் பயந்துபோய் ஆபரேஷனே வேண்டாம் என்பார். இல்லையென்றால் அறியாமல் அதே மருந்தை மறுபடியும் போட்டுவிடுவார். இரண்டுமே நோயாளிக்குக் கெடுதல்.

எங்களுக்குச் சொந்த ஊர் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். நான் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் கரையில் இருப்பார் என்றுதான் ஆபரேஷனை அப்போது வைத்தோம். செய்தி தெருவெல்லாம் பரவி, பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "நண்டு தின்னா தடிக்கிற ஒடம்பு, அதான் மருந்தும் சேரல" என்றார் அயித்தை. "எனக்கும் மயக்க ஊசி ஆகாது, பல்லுக்குப் போட்டப்ப நெஞ்சு படபடன்னு அடிச்சுது" என்றார் மதினி. முதல் பிரசவத்தில் சிசேரியன் செய்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பது என் குழப்பம். இந்த மூன்றுக்கும் பின்னால் சரியான பதில் கிடைத்தது.

முதலில் செய்ய வேண்டிய வேலை காகிதம் வாங்குவது. டிஸ்சார்ஜ் சம்மரி போதாது, அனஸ்தீசியா சார்ட் வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு, எந்த நிமிடத்தில் போட்டார்கள், பிபியும் ஆக்சிஜனும் எப்போது விழுந்தன என்று எழுதியிருப்பது அதில்தான். மருத்துவமனை அலுவலகத்தில் முதலில் தர மாட்டோம் என்றார்கள். வழக்கு போடப்போகிறோம் என்று நினைத்திருக்கலாம். 2002-இல் வந்த மருத்துவர் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவுகளை 3 வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தம்பி இதை ஒரு தாளில் எழுதி, அடுத்த ஆபரேஷனுக்காகத்தான் கேட்கிறோம் என்றும் சேர்த்துக் கொடுத்தான். நகல் வந்துவிட்டது. சண்டை போடாமல், கேட்பதை எழுத்தில் கேட்டதால்தான் வேலை நடந்தது என்று நினைக்கிறேன்.

சார்ட்டில் இருந்தவை: தூங்க வைக்க மிடசோலம், புரோபோஃபால், வலிக்கு ஃபென்டனில், தசை தளர்த்த ரோக்குரோனியம், ஆன்டிபயாடிக்காக செஃபசோலின். ஆன்டிபயாடிக் போட்டதற்கும் ரோக்குரோனியம் போட்டதற்கும் இடையில் அதிக நேரம் இல்லை. பிபி விழுந்தது அதற்குப் பிறகு. அதனால் வெறும் காகிதத்தைப் பார்த்து யாரும் முடிவு சொல்ல முடியவில்லை.

அந்த நேரத்தில் எடுத்திருக்க வேண்டிய ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, டிரிப்டேஸ் என்று பெயர். அலர்ஜி வெடிக்கும்போது உடம்பிலுள்ள மாஸ்ட் செல்கள் இதை ரத்தத்தில் கொட்டுகின்றன. உயிர் நிலைப்பட்டதும் எடுக்க வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது, 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 24 மணி நேரம் கழித்து, எல்லாம் அடங்கியபின் மறுபடியும் ஒன்று எடுத்து இரண்டையும் ஒப்பிடுவார்கள். அடங்கிய பின் வரும் அளவை 1.2-ஆல் பெருக்கி 2 கூட்டினால் என்ன வருகிறதோ, முதல் அளவு அதைவிட அதிகமாக இருந்தால் மாஸ்ட் செல்கள் உடைந்தது உறுதி. எனக்கு அதை எடுக்கவில்லை. உயிருக்குப் போராடும் நேரத்தில் எடுக்காததற்கு நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்து, நீங்கள் வெளியே நின்றுகொண்டிருந்தால், "டிரிப்டேஸுக்கு ரத்தம் எடுத்தீர்களா, டாக்டர்?" என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள். பரிசோதனை வசதி அங்கே இல்லாவிட்டாலும் சீரத்தைப் பிரித்து உறைய வைத்து வெளியே அனுப்ப முடியும்.

எந்த மருந்து என்று கண்டுபிடிக்கத் தோலில் செய்யும் பரிசோதனையை உடனே செய்யக் கூடாது என்றார்கள். அலர்ஜி வந்த சூட்டில் செல்கள் காலியாக இருக்குமாம், அப்போது சோதித்தால் பொய்யாக 'இல்லை' என்று வரலாம். 4 முதல் 6 வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்து அவில், செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரை எதையும் தொடக் கூடாது. சளி மருந்துக்குள்ளும் அவை இருக்கும் என்பதால் மெடிக்கலில் எதை வாங்கினாலும் அட்டையைக் காட்டிக் கேட்டேன். இதற்குள் தடைக்காலம் முடிந்து அவர் கடலுக்குப் போய்விட்டார். தம்பிதான் கூட வந்தான். ராமநாதபுரத்தில் சேது எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போனோம். மயக்க டாக்டரும் அலர்ஜி டாக்டரும் சேர்ந்து உட்காரும் இடமாக, ஏதாவது ஆனால் சமாளிக்க வசதி உள்ள பெரிய மருத்துவமனையாகத் தேடித்தான் அவ்வளவு தூரம் போனோம்.

ஊசியை எடுப்பதற்கு முன் நிறையக் கேள்வி கேட்டார்கள். பலூன் ஊதினால் உதடு தடிக்கிறதா, ரப்பர் கையுறை போட்டால் கை அரிக்கிறதா, வாழைப்பழம் சாப்பிட்டால் வாய் அரிக்கிறதா? இதெல்லாம் ரப்பர் பாலுக்கு அலர்ஜி இருக்கிறதா என்று பார்க்க. கைக்குத் தேய்க்கும் கிருமிநாசினியும் வாய் கொப்பளிக்கும் மருந்தும் ஒத்துக்கொள்கின்றனவா என்று கேட்டார்கள். அது குளோர்ஹெக்சிடின். தியேட்டரில் தோலைத் துடைப்பதிலும் சிறுநீர்க் குழாய் போடும் ஜெல்லிலும்கூட அது இருக்கும், சார்ட்டில் ஏறாது, அதனால் தப்பித்துவிடும் என்றார் டாக்டர். பிரிட்டனில் 2018-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்றையும் சொன்னார். மயக்கம் கொடுக்கப்பட்ட 10,000 பேரில் ஒருவருக்கு ஏறக்குறைய இப்படிக் கடுமையாக வருகிறது. காரணங்களில் ஆன்டிபயாடிக் முதலிடம், தசை தளர்த்தும் மருந்து இரண்டாமிடம், குளோர்ஹெக்சிடின் மூன்றாமிடம்.

நண்டு விஷயத்தை நானே கேட்டேன். நண்டிலும் இறாலிலும் அலர்ஜி தருவது டிரோபோமயோசின் என்கிற புரதம். எனக்குப் போட்ட எந்த மருந்திலும் அது கிடையாது, இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். நம் கடற்கரையில் இதை எத்தனை பேர் நம்பிக்கொண்டு ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மதினிக்கு வந்த படபடப்பு பல் ஊசியில் கலந்திருக்கும் அட்ரினலினால் வருவது. மரத்துப்போகும் ஊசிக்கு உண்மையான அலர்ஜி மிக மிக அபூர்வம்.

மண்டபத்திலிருந்து வருகிறேன் என்றதும் அவர் இன்னொன்று சொன்னார். இந்தக் கடும் அலர்ஜியை முதன்முதலில் அடையாளம் கண்டதே கடலால்தான். 1901-இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் போன ரிஷே, போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், நம் ஊர் சொறி (ஜெல்லிமீன்) போலக் கொட்டும் ஒரு கடலுயிரியின் விஷத்தை ஆராய்ந்தார்கள். ஊர் திரும்பியதும் கடல் சாமந்தியின் விஷத்தை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் தடவை தாங்கிய நாய், சில வாரம் கழித்து அதைவிடக் குறைந்த அளவிலேயே செத்துப்போனது. 1902-இல் அதற்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள், 1913-இல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது. சொறி பட்டுத் துடிப்பவர்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அந்தக் கதை எனக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது.

பரிசோதனை இப்படி. முன்கையில் பேனாவால் எண் போட்டு, ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் ஒரு மருந்துச் சொட்டு. அதன் வழியாகத் தோலை லேசாகக் குத்துகிறார்கள், ரத்தம் வராது. கூடவே வெறும் உப்புநீர் ஒன்று, யாருக்கும் தோலைத் தடிக்க வைக்கும் ஹிஸ்டமின் ஒன்று. உப்புநீர் தடிக்கக் கூடாது, ஹிஸ்டமின் தடிக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் மற்றவற்றை நம்பலாம். 15, 20 நிமிடம் கழித்து ஸ்கேல் வைத்து அளப்பார்கள். உப்புநீரைவிட 3 மில்லிமீட்டர் அதிகமாகத் தடித்தால் அந்த மருந்து பாசிட்டிவ். அதில் எதுவும் தெரியாத மருந்துகளை நன்றாக நீர்க்கவைத்துத் தோலுக்குள் சிறு கொப்புளமாக ஏற்றிப் பார்ப்பார்கள். எவ்வளவு நீர்க்க வைப்பது என்பது மருந்துக்கு மருந்து மாறும். அட்ராகுரியம் என்கிற தசை தளர்த்தும் மருந்து, அலர்ஜி இல்லாதவருக்கும் தோலைச் சிவக்க வைக்கும் என்பதால் அதை ஆயிரத்தில் ஒரு பங்காக்குகிறார்கள். தசை தளர்த்தும் மருந்தைத் தோலில் போட்டால் மூச்சு நின்றுவிடாதா என்று தம்பி பயந்தான். போடும் அளவு அவ்வளவு குறைவு, ஒன்றும் ஆகாது. ஆனாலும் கையில் ஊசி வழி திறந்து வைத்து, அட்ரினலினையும் பக்கத்தில் தயாராக வைத்திருந்தார்கள்.

ரோக்குரோனியம் குத்திய இடம் கொஞ்ச நேரத்திலேயே கொசுக்கடி போல எழும்பிச் சிவந்தது. மற்றவை எல்லாம் அமைதியாக இருந்தன. தோலுக்குள் ஏற்றிய சுற்றில் வெக்குரோனியமும் தடித்தது, அதே குடும்பம். செஃபசோலின், புரோபோஃபால், ஃபென்டனில், மிடசோலம், குளோர்ஹெக்சிடின், ரப்பர் எல்லாம் நெகட்டிவ். தசை தளர்த்தும் இன்னொரு மருந்தான சிசட்ராகுரியமும் நெகட்டிவ், அதுதான் எனக்கு வேண்டிய செய்தி. காரணம் தெரிந்தால் மட்டும் போதாது, அடுத்த முறை எதைப் போடலாம் என்றும் தெரிய வேண்டும். சென்னையில் இப்போது ரத்தத்தில் பார்த்த டிரிப்டேஸும் சாதாரண அளவில் இருந்ததால், மாஸ்ட் செல் நோய் எதுவும் பின்னணியில் இருக்கும் என்று சந்தேகிக்கத் தேவையில்லை என்றார்கள்.

சிசேரியனில் ஏன் வரவில்லை? முதுகில் போட்ட ஊசியில் தசை தளர்த்தும் மருந்து இல்லை, அவ்வளவுதான். அதுவரை வாழ்க்கையில் போடாத மருந்துக்கு அலர்ஜி எப்படி வந்தது என்றும் கேட்டேன். இந்த மருந்துகளில் இருக்கும் அம்மோனியம் வகை அமைப்பு சில சோப்பு, அழகுப் பொருள், இருமல் மருந்துகளிலும் இருக்கிறது, அவை வழியாக உடம்பு முன்பே பழகியிருக்கலாம் என்பது டாக்டர்கள் தரும் விளக்கம். ஃபோல்கோடின் என்ற இருமல் மருந்தை இந்தச் சந்தேகத்துக்காகவே ஐரோப்பாவில் நிறுத்திவிட்டார்கள்.

ஆபரேஷன் பிறகு மதுரையில் நடந்தது. சிசட்ராகுரியம்தான் போட்டார்கள். பரிசோதனை நெகட்டிவ் என்றாலும் நூற்றுக்கு நூறு உத்தரவாதம் இல்லை என்று முன்கூட்டியே சொல்லி, எல்லாத் தயாரிப்போடும்தான் மயக்கம் கொடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. இப்போது பர்ஸில் லேமினேட் செய்த அட்டை ஒன்று வைத்திருக்கிறேன். 'ரோக்குரோனியம், வெக்குரோனியம் கூடாது' என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி, பரிசோதித்த தேதியும் எது எது நெகட்டிவ் என்பதும் போட்டிருக்கிறது. அதே அட்டையின் படம் வீட்டுக்காரர் போனிலும் தம்பி போனிலும் இருக்கிறது, பேச முடியாத நிலையில் என்னைத் தூக்கிக்கொண்டு போவது அவர்கள்தானே.

மகளுக்கு டான்சில் ஆபரேஷன் வரும்போது அவளையும் இப்படிச் சோதிக்க வேண்டுமா என்று அயித்தை கேட்டார். வேண்டாம் என்றுதான் சென்னை டாக்டர் சொல்லியிருக்கிறார். இது தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவதில்லை, முன்பு ஒன்றும் நடக்காதவர்களுக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை. மயக்க டாக்டரிடம் எனக்கு நடந்ததை மருந்துப் பெயரோடு சொல்லிவிட்டால் போதும்.