அங்சாவுக்கு ஜோடி தேடிய கதை

ஜனவரி 4, 2025, சனி

ஐந்து மாதமாக முட்டைக்குக் காத்திருந்தது வீண். ஆகஸ்டில் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய இரண்டு அங்சாவும் (பெரிய வாத்து இனம்) சேவல். விற்றவன் "சத்து ஜந்தான், சத்து பெத்தினா" (ஒன்று ஆண், ஒன்று பெண்) என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லித் தலையில் கட்டிவிட்டான்.

அப்பாவுக்குத்தான் முதலில் சந்தேகம். "ரெண்டும் ஒரே மாதிரி கீச்சுக் குரல்ல கத்துது பாரு. பெட்டைக்குக் குரல் கட்டையா இருக்கும்." இன்று ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்றைத் தொடைமேல் மல்லாக்கப் போட்டார். வாலை வளைத்து, துவாரத்தின் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார். வெள்ளையாக, ஸ்க்ரூ மாதிரிச் சுருண்ட ஒன்று எட்டிப் பார்த்தது. அடுத்ததற்கும் அதே. "ரெண்டு மாப்பிள்ளைய வச்சிக்கிட்டு முட்டைக்கா உட்கார்ந்திருந்தோம்?" என்று சிரித்தார். சட்டையெல்லாம் எச்சம்.

ஜனவரி 11, சனி

பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளுக்குப் பக்கத்தில் கீரை போடும் தவுக்கேயிடம் (சீன முதலாளியிடம்) போனோம். (எங்கள் ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் வைத்து எத்தனையோ வருஷமாகியும் அப்பாவுக்கு அது பத்தாங் பெர்ஜுந்தைதான்.) ஒன்றரை வயதுப் பெட்டைகள் இரண்டு கிடைத்தன. பதிலுக்கு எங்கள் சேவல்களில் சின்னவனையும் கொஞ்சம் வெள்ளியும் (ரிங்கிட்) கொடுத்தோம். பெரியவனை வைத்துக்கொண்டதற்குக் காரணம் அவன் நெற்றிப் புடைப்பு பெரிது என்பதுதான். எல்லாம் சீன ஜாதி. சேவலுக்கு அந்தப் புடைப்பு பெருத்தும் பெட்டைக்குச் சிறுத்தும் இருக்கும். ஆனால் வளர்ந்த பறவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் அந்த வித்தியாசமே தெரிகிறது.

அங்சா என்ற சொல் வடமொழி ஹம்சத்திலிருந்து மலாய்க்கு வந்ததாம். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தின் சொந்தக்காரர்கள்தான் என் பாத்திரம் கழுவிய தண்ணீரில் மூக்கை விடுகிறார்கள்.

ஜனவரி 15, புதன்

நேற்று பொங்கல். பொங்கல் சோறு வைத்தும் பெரியவன் தொடவில்லை. நான்கு நாளாகக் கேட் பக்கமே நிற்கிறான். கழுத்தை நீட்டி ஒரு தடவை கத்துகிறான், பதிலுக்குக் காத்திருக்கிறான், மறுபடி கத்துகிறான். பெட்டைகள் பக்கத்தில் வந்தால் நகர்ந்துவிடுகிறான்.

இரண்டு சேவல்கள் தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்துகொள்வதும் அங்சாக்களிடம் உண்டு. ஐந்து மாதமாக இவர்கள் ஒன்றாக மேய்ந்து, ஒன்றாகத் தூங்கி, ஒருவர் கத்தினால் மற்றவர் பதில் கொடுத்து வாழ்ந்ததற்கு அர்த்தம் இப்போதுதான் எனக்குப் புரிகிறது. தவுக்கேயின் இடம் மூன்று கிலோமீட்டர் தள்ளி. சத்தம் கேட்காத தூரம் என்பது நல்லதுதான் என்கிறார் அப்பா. பழைய துணையின் குரல் காதில் விழுந்துகொண்டே இருந்தால் புதுத் துணை சேராதாம். அவர் சொல்வது சரிதான். ஆனாலும் கேட்டைத் திறக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

ஜனவரி 30, வியாழன்

நேற்று சீனப் புத்தாண்டு. ராத்திரி பட்டாசுக்கு மூன்றும் ஒரே மூலையில் ஒண்டிக்கொண்டன. காலையில் பார்த்தால் பெரியவன் ஒரு பெட்டையின் பக்கத்திலேயே நிற்கிறான். மற்றவள் கிட்டே வந்தால் கொத்து. பட்டாசு சேர்த்து வைத்ததோ, வேறென்னவோ. நான் மனதில் நினைத்திருந்தது அந்த மற்றவளை.

பிப்ரவரி 2, ஞாயிறு

இவை தண்ணீரில்தான் நன்றாகச் சேரும். நீல டிரம்மைப் பாதியாக அறுத்து வைத்தோம், இடம் போதவில்லை. அப்பா கொல்லையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டிக் கன்வாஸ் விரித்தார். எழுபத்து நான்கு வயதில் மண்வெட்டி பிடிக்கிறாரே என்று சத்தம் போட்டேன். பால்மரம் வெட்டிய கை சும்மா இருக்காதாம்.

தண்ணீரில் இறங்கியதும் இரண்டும் எதிரெதிரே நின்று தலையை முக்கி முக்கி எடுத்தன, ஒன்று செய்வதை மற்றதும் செய்தது. அப்புறம் அவன் மேலே ஏற, அவள் கழுத்து மட்டும்தான் வெளியே தெரிந்தது. மூழ்கிவிடுவாளோ என்று எழுந்தேன். முடிந்ததும் இறக்கையைத் தூக்கி, கழுத்தை நிமிர்த்தி, ஊருக்கே கேட்கும்படி கத்தினான். அப்பா எதையும் பார்க்காதவர் போல வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 12, புதன்

தைப்பூசத்துக்குப் பத்துமலை போய் விடியற்காலையில் திரும்பினோம். வைக்கோலுக்குள் ஒரு முட்டை! அடுப்படித் தராசில் 146 கிராம். கோழி முட்டை இரண்டரை அளவு இருக்கும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஏழு ஆயிற்று. இந்தச் சூட்டில் கரு கெட்டுவிடுமே என்று முட்டைகளை எடுத்து வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வைத்துத் தினமும் திருப்பிவிட்டேன். கூட்டில் ஏமாற்றுக்கு ஒரு வெள்ளைக் கல். இன்று வயிற்று இறகைப் பிடுங்கி மெத்தை போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். கல்லை எடுத்துவிட்டு ஏழையும் வைத்தேன்.

மார்ச் 6, வியாழன்

ஒன்பது நாள் ஆயிற்று. அவள் தண்ணீருக்கு எழுந்தபோது அப்பா பெரியவனைத் துடைப்பத்தால் தடுத்துக்கொண்டார், நான் முட்டைகளைக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். ஐந்தில் சிலந்தி மாதிரி ரத்த நரம்பு ஓடுகிறது. இரண்டு வெறும் முட்டை. அதில் ஒன்று நான் பென்சிலில் குறித்து வைத்த முதல் முட்டை.

நோன்பு தொடங்கியதிலிருந்து, பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அத்தை) சாஹுருக்கு (விடியுமுன் சாப்பாட்டுக்கு) விளக்குப் போட்டதும் பெரியவன் கத்துகிறான். மன்னிப்புக் கேட்கப் போனேன். அலாரம் வைக்கிற வேலை மிச்சம் என்று சிரிக்கிறார். அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்தில் பெரட்டு மணிக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் மணிக்கு) முன்னால் எழுப்பியதும் அங்சாதானாம், அப்பா சொன்னார்.

மார்ச் 20, வியாழன்

பியாவாக் (உடும்பு) வந்துவிட்டது. வாய்க்கால் வழியாக, என் கை நீளம் இருக்கும். பெரியவன் இறக்கையால் அடித்து விரட்டினான். ஆனால் அதற்குள் ஒரு முட்டை போய்விட்டது. வேலியின் அடியில் இரவோடு இரவாகத் தகரம் வைத்து அடைத்தோம்.

மார்ச் 28, வெள்ளி

நேற்று மாலை முட்டைக்குள்ளிருந்து கீச் சத்தம். இன்று மதியத்துக்குள் மூன்று குஞ்சு, மஞ்சளும் பாசியுமாக. நான்காவது ஓட்டைக் கொத்தித் துளை போட்டது, அதற்கு மேல் முடியவில்லை. உடைத்து உதவலாமா என்று ஒரு மணிநேரம் தவித்தேன். அப்பா கையைத் தட்டிவிட்டார். சாயங்காலம் அதைக் கொய்யா மரத்தடியில் புதைத்தேன்.

வெறும் கோழிக்குஞ்சுத் தீவனத்தில் இவற்றுக்கு நியாசின் என்ற வைட்டமின் போதாது, கால் பலவீனப்படும். அதனால் புரூவர்ஸ் ஈஸ்ட் கலந்து போடுகிறேன். கூடவே பொடியாக நறுக்கிய புல். பெரியவன் கொத்தித் துரத்திய அந்த இன்னொரு பெட்டை இப்போது குஞ்சுகளின் பின்னாலேயே காவல் நடக்கிறாள், அவனும் விடுகிறான்.

ஏப்ரல் 5, சனி

தவுக்கே குஞ்சு பார்க்க வந்தார். சின்னவன் அங்கே வாத்துக் கூட்டத்துக்குத் தலைவனாகிவிட்டானாம், குட்டைக்குப் போகும்போதும் வரும்போதும் இவன்தான் முன்னால். அந்த மோட்டார் சைக்கிள் தெருமுனையில் திரும்பியபோதே பெரியவன் குஞ்சுகளை விட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடியிருந்தான். தவுக்கே பின்னால் கட்டியிருந்த கூடையை இறக்கினார். அவன் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தான். கங்கோங் கீரை இரண்டு கட்டு.