மலை ஏறும்போது மட்டும் நிற்கிற வண்டி

சேலம் கோரிமேட்டில் பைக் பட்டறை போட்டிருப்பதால் எனக்கு வரும் வண்டிகளில் பாதி மலை வண்டிகள். ஏற்காட்டிலிருந்து இறங்கி அடிவாரம் தாண்டி வருகிறவர்களுக்கு, டவுன் நெரிசலில் மாட்டுவதற்கு முன்னால் கண்ணில் படுகிற இடம். எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்கள், மிளகு வாங்கி விற்பவர்கள், மேலே பள்ளிக்கூடத்துக்குப் போய்வரும் வாத்தியார்கள் என்று எல்லோருடைய வண்டியும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தேயும். பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், செயின். கழட்டினால் தெரிந்துவிடும், மாற்றிக் கொடுத்தால் வேலை முடிந்தது.

பட்டறையில் மூலையைப் பிடித்துக்கொண்டு நகராமல் கிடப்பது இன்னொரு ரகம். "ஓடிட்டே இருக்குங்க, திடீர்னு ஆஃப் ஆயிருது. கொஞ்ச நேரம் விட்டா எடுத்துக்குது." இப்படிச் சொல்லிக்கொண்டு வரும் வண்டியை எடுக்கவே தயங்குவார்கள். பட்டறையில் ஸ்டார்ட் பண்ணினால் அது நன்றாகத்தான் ஓடும். நன்றாக ஓடுகிற வண்டியில் எதைப் பார்ப்பது? அதனால் பலரும் பார்ப்பதை விட்டுவிட்டு மாற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.

நாகலூர் பக்கத்து எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருக்கும் அண்ணன் ஒருவருடைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் அப்படித்தான் வந்தது. 1985இல் வந்து 1996இல் நின்றுபோன வண்டி அது. கடைசியாக வெளிவந்ததற்கே இன்றைக்கு 30 வயதை ஒட்டி ஆகிறது. 98 சிசி, 11 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக். பையன்கள் அதன் சத்தத்துக்காக வாங்குகிறார்கள். மலைக்காரர்கள் அது இழுக்கிற இழுவைக்காக விற்காமல் வைத்திருக்கிறார்கள். இந்த அண்ணன் இரண்டாவது ரகம். ஆனால் இடையில் கொஞ்ச காலம் வண்டி அவர் மகன் கையில் இருந்திருக்கிறது. அகல ஹேண்டில் பார், காதைப் பிளக்கும் ஹாரன், நீல விளக்கு என்று அந்தக் காலத்தின் தடயங்கள் அப்படியே இருந்தன.

புகார் இதுதான். ஏற்காடு ஏறும்போது எங்காவது ஒரு வளைவில் நின்றுவிடும். உதைத்தால் எடுக்காது. பத்து நிமிஷம், கால் மணி நேரம் கழித்து எடுக்கும். இறங்கும்போது ஒன்றும் பண்ணாது. சேலத்துக்குள் எவ்வளவு சுற்றினாலும் ஒன்றும் பண்ணாது.

எனக்கு முன்னால் பார்த்த பட்டறையில் எஞ்சினுக்குள் பொறி வெட்டும் பிளக், அதற்குக் கரண்ட்டை ஏற்றிக் கொடுக்கும் ஹெச்டி காயில், அதை நேரம் பார்த்து விடும் சிடிஐ பெட்டி மூன்றும் மாறியிருந்தன. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரைக் கழுவி, அதில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டையும் சின்னதாகப் போட்டு அனுப்பியிருந்தார்கள். "மலைக்காத்துக்கு ஏத்த மாதிரி செட்டிங் பண்ணியிருக்குன்னாங்க தம்பி" என்றார் அண்ணன்.

இந்த மலைக்காற்று விஷயத்தில் அரை உண்மை இருக்கிறது, அதனால்தான் அது எல்லோரையும் ஏமாற்றுகிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் வாக்கில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். மேலே காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவு. கார்பரேட்டருக்கு அது தெரியாது, கீழே செட் பண்ணிய கணக்கிலேயே பெட்ரோலை விடும். காற்று கம்மி, பெட்ரோல் ஜாஸ்தி. வண்டி மந்தமாகும், பிளக் கறுக்கும், பிக்கப் குறையும். ஆனால் நிற்காது. நிற்பதாக இருந்தால் ஏற்காட்டில் பழைய வண்டி ஒன்றுகூட ஓடாது. காற்றுதான் காரணம் என்றால் உயரம் கூடக் கூட மோசமாக வேண்டும், கடைசி வளைவுகளில் உயிரை விட வேண்டும். இவருக்கோ ஒரு நாள் ஐந்தாவது வளைவு, ஒரு நாள் பதினாறாவது வளைவு. காற்று அப்படி ஆளுக்கும் நாளுக்கும் தகுந்தாற்போல் மாறாது.

சின்ன ஜெட் போட்டதால் விளைந்தது வேறு. பிளக்கைக் கழட்டிப் பார்த்தேன். ஒழுங்காக எரிகிற வண்டியில் அதன் முனை காப்பித்தூள் நிறத்தில் இருக்கும். இதில் சுண்ணாம்பு பூசியதைப் போல வெளுத்திருந்தது. பெட்ரோல் பற்றாமல் சூடாக ஓடுகிறது என்று பொருள்.  சமவெளியில் நெடுந்தூரம் முறுக்கினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இல்லாத நோய்க்குக் கொடுத்த மருந்து புது நோயைக் கொண்டுவரப் பார்த்தது. பழைய வண்டிகளில் பாதி ரிப்பேர் முந்தைய ரிப்பேரை அவிழ்ப்பதுதான் என்று நான் சொன்னால் தொழில்காரர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது.

சூடானால் நிற்கிறது, ஆறினால் எடுக்கிறது என்று கேட்டதும் மெக்கானிக் மனதில் சில பேர் வரிசையாக வந்து நிற்பார்கள். பெட்ரோல் டேங்க் மூடியில் ஒரு சின்னக் காற்றுத் துளை உண்டு. அது அடைத்தால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டியூப்புக்குப் பெட்ரோல் வராது. காத்திருக்கும் நேரத்தில் காற்று மெல்ல உள்ளே கசிந்து வண்டி எடுத்துக்கொள்ளும். எஞ்சின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னெட்டுக்குள் இருக்கும் காயிலில் சுற்று விட்டிருந்தால், சூட்டில் விரிந்து கரண்ட் அறுந்துபோகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். சைலன்சர் கரியால் அடைத்திருந்தாலும் ஏற்றத்தில் மூச்சு முட்டும். கிராங்க் ஆயில் சீல் தேய்ந்து காற்று இழுத்தால் ஐடிலிங் தன்னால் ஏறி இறங்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. அது தண்ணீரை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பர் டியூப்பை உப்பவைக்கும். இத்தனையும் பட்டறையில் உட்கார்ந்துகொண்டே யோசிக்கலாம், மாற்றலாம், பில்லும் போடலாம். ஆனால் இவற்றில் எது என்று வண்டி நிற்கிற அந்த நிமிஷத்தில்தான் தெரியும். ஆறிய பிறகு எல்லாமே ஒன்றுபோல்தான் நடந்துகொள்ளும்.

வண்டிக்காரரிடம் நான் கேட்பது எப்போதும் அவர் பார்த்ததை மட்டும். காரணத்தை அவர் சொன்னால் காதில் வாங்கிக்கொள்வேன், நம்பமாட்டேன்.

"எப்ப அடிக்கடி நிக்குதுங்கண்ணா?"

"பஸ்ஸு பின்னாடி மாட்டிக்கிட்டா நிக்கும் தம்பி. ரோடு காலியா இருந்தா சில நாள் மேல வரைக்கும் ஏறிரும். மெதுவாப் போனா சூடு ஏறுதில்ல?"

பஸ் பின்னாடி போனால் நிற்கிறது என்பது அவர் பார்த்தது. சூடு என்பது அவர் சேர்த்தது. நான் முதலாவதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒரு காலையில் பிளக் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், பழந்துணி, ஒரு புது பிளக் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு, பட்டறைப் பையனைப் பின்னால் உட்காரவைத்து நானே ஏற்றினேன். ஏறும்போது பையனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: வண்டி நின்றால் இறங்கு, எதையும் தொடாதே. நின்றவுடன் பதற்றத்தில் சோக்கை இழுப்பது, பெட்ரோல் டேப்பைத் திருப்புவது, சாவியை ஆட்டுவது என்று எல்லோரும் பத்து வேலை செய்வார்கள். அதில் ஏதோ ஒன்று வண்டியை எழுப்பிவிடும், எது எழுப்பியது என்று யாருக்கும் தெரியாது.

அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். வேண்டுமென்றே ஒரு அரசு பஸ்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டேன். பாதி மலைகூட ஏறவில்லை. இடது பக்கம் மடங்கும் ஒரு வளைவில் பஸ் அகலமெடுத்துத் திணறி ஏற, நான் உள்பக்கமாக முதல் கியரில் ஒடித்துத் திருப்ப, சுவிட்சை அணைத்ததுபோல் நின்றது. பெட்ரோல் பற்றாமல் நிற்கிற வண்டி இருமி, தயங்கி, மூச்சிழுத்து நிற்கும். இது அப்படி நிற்கவில்லை. அங்கேயே பாதி பதில் கிடைத்துவிட்டது.

அப்படியே ஓரத்தில் சைடு ஸ்டாண்டு போட்டேன். ஹேண்டில் இடது பக்கம் சாய்ந்து கிடந்தது, விட்டுவிட்டேன். டேங்க் மூடியைத் திறந்தேன், உஸ்ஸென்று காற்று இழுக்கும் சத்தம் இல்லை. பெட்ரோல் டியூப்பைப் பிடுங்கினால் நன்றாகக் கொட்டியது. மாட்டிவிட்டு, சிந்தியதைத் துடைத்துவிட்டு, பிளக்கைக் கழட்டி ஹெட்டில் ஒட்டவைத்துப் பையனைக் கிக்கரை அமுக்கச் சொன்னேன். கரண்ட் இல்லை. புது பிளக் போட்டாலும் இல்லை.

அடுத்து சிடிஐயிலிருந்து சாவிக்குப் போகும் ஒயரை, கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டது, அதை மட்டும் கப்ளரில் கழட்டினேன். கிக்கர் அடித்ததும் நீலமாகப் பளிச்சென்று வெட்டியது. அதே காயில், அதே சூடு.

இந்த வண்டியின் சங்கதி தெரியாதவர்களுக்கு: ஆர்எக்ஸ் ஓடுவதற்குப் பேட்டரி வேண்டாம். மேக்னெட் தன் கரண்ட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். சாவியின் வேலை வண்டியை நிறுத்துவதுதான். ஆஃப் செய்தால் அந்தக் கறுப்பு வெள்ளை ஒயர் பாடியில் எர்த் ஆகிறது, கரண்ட் அதன் வழியாக ஓடிவிடுகிறது, பிளக்குக்கு வராது. ஆகவே அந்த ஒயர் வழியில் எங்காவது தோல் உரிந்து இரும்பில் பட்டால், சாவியைத் திருப்பாமலே வண்டி ஆஃப்.

ஒயரைத் திரும்ப மாட்டி, பையனைக் கிக்கரை அமுக்கிக்கொண்டே இருக்கச் சொல்லி, ஹேண்டிலை மெதுவாக நேராக்கினேன். பாதித் தூரம் வரும்போது பிளக்கில் கரண்ட் வந்துவிட்டது. இடது பக்கம் சாய்த்தால் போய்விட்டது.

அங்கேயே ஹெட்லைட் டூமைக் கழட்டினோம். அகல ஹேண்டில் போட்டவர்கள் ஒயர் கட்டு எட்டவில்லை என்று, அது போக வேண்டிய பக்கத்தை விட்டு ஹேண்டில் கழுத்தின் மறுபக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து, பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கியிருந்தார்கள். இடது பக்கம் ஒடிக்கும்போதெல்லாம் கட்டு விறைத்துக் கழுத்து இரும்பின் விளிம்பில் உரசியிருக்கிறது. அந்த இடத்தில் பெயின்ட் போய் ஒரு விரல் நகம் அளவுக்கு இரும்பு வெள்ளையாக மின்னியது. மேலே சுற்றியிருந்த டேப் உருகிப் பிசினாகிக் கையில் ஒட்டியது. உள்ளே ஒரு ஒயரில் தோல் கிழிந்து, செம்பு பச்சை பூத்திருந்தது.

அதன் பிறகு அண்ணன் சொன்னதெல்லாம் தானாகப் பொருந்தியது. நாம் சாலையின் இடது பக்கம் போகிறவர்கள். வலது கொண்டை ஊசியில் வெளிவட்டம் கிடைக்கும், ஹேண்டிலை அதிகம் ஒடிக்க வேண்டியதில்லை. இடது வளைவில்தான் உள்பக்கம் குறுகும். ரோடு காலியாக இருந்தால் கொஞ்சம் அகலமெடுத்துச் சாய்ந்தே போய்விடலாம். பஸ் பின்னால் ஊர்ந்தால் ஒடித்துத்தான் ஆக வேண்டும். இறங்கும்போதும் கரண்ட் அறுந்திருக்கும், ஆனால் வண்டி கியரில் தானே உருள்வதால் எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கும், ஹேண்டில் நேரானதும் பிடித்துக்கொள்ளும். ஒரு குலுக்கலுக்கு மேல் தெரியாது. நின்ற இடத்தில் சைடு ஸ்டாண்டு போட்டால் ஹேண்டில் தானாக இடது பக்கம் விழும், அந்த நிலையில் எவ்வளவு உதைத்தாலும் எடுக்காது. ஓய்ந்துபோய், தள்ளிக்கொண்டாவது போகலாமென்று வண்டியை நிமிர்த்தும்போது ஹேண்டில் நேராகிறது, எடுத்துக்கொள்கிறது. ஆறியதால் எடுத்தது என்று அவர் நினைத்ததில் தப்பில்லை, கால் மணி நேரம் ஆகியிருக்குமே.

பட்டறைகளில் நாங்கள் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட்டு ஹேண்டிலை நேராக வைத்துத்தான் பார்ப்போம். எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்ப்பது தொழிலில் யாருக்கும் தெரியாத வித்தை அல்ல. ஒயரிங்கில் சந்தேகம் வந்தால் செய்வார்கள். இந்த வண்டியில் அத்தனை பேர் சந்தேகமும் மலைமேல் இருந்தது. பிறகு விஷயத்தைச் சொன்னபோது அண்ணனுக்கே ஞாபகம் வந்தது: "பெட்ரோல் பங்க்குல வளைச்சுத் திருப்பறப்ப ஒண்ணு ரெண்டு வாட்டி ஆஃப் ஆச்சு தம்பி. கிளட்சை விட்டுட்டேன் போலன்னு இருந்துட்டேன்."

வேலை சிறியது. கெட்ட துண்டை வெட்டி, புது ஒயர் சேர்த்து ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டு, கட்டைச் சரியான பக்கமாகத் தளர்வாக விட்டேன். பழைய அளவு மெயின் ஜெட்டைப் போட்டேன். மேலே கொஞ்சம் புகை கக்கும், கக்கட்டும். ஹேண்டிலை மாற்றச் சொன்னேன், மகன் ஆசையாகப் போட்டதாம், இருக்கட்டும் என்றுவிட்டார்.

சிக்கல் பில்லில் வந்தது. சாமான் என்று எழுத ஒரு முழம் ஒயரும் ஸ்லீவும்தான். மீதியெல்லாம் கூலி. "ஒயருக்கா தம்பி இவ்வளவு?" என்றார். முன் பட்டறையில் காயிலுக்கும் சிடிஐக்கும் இதைப்போலப் பல மடங்கு பேசாமல் கொடுத்திருக்கிறார். அங்கே கையில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது, இங்கே வரவில்லை. தேடியதற்குக் கூலி கேட்பது எங்கள் தொழிலில் இன்னும் கூச்சமான காரியம். அதனால்தான் பலர் தேடாமல் மாற்றுகிறார்கள், மாற்றினால் காசு கேட்க வாய் வருகிறது. நான் அரை நாள் பட்டறையைப் பூட்டியதைச் சொன்னேன். கணக்குப் போட்டுப் பார்த்து, ஒத்துக்கொண்டு கொடுத்தார்.

போகும்போது, "அப்ப பழைய சிடிஐ நல்லாத்தான் இருந்துருக்கு?" என்றார்.

"நல்லாத்தாங்கண்ணா இருந்துருக்கும். இப்பப் போட்டிருக்கறது டூப்ளிகேட். அதைக் கேட்டு வாங்கி வெச்சுக்கங்க."

கழட்டிய சாமான் அந்தப் பட்டறையிலேயே தங்கிவிட்டதாம். வாங்கி வருகிறேன் என்று நேராக அங்கேதான் போனார். கம்பெனி சிடிஐக்கு இப்போது இருக்கிற கிராக்கிக்கு, அது இந்நேரம் வேறு யாருடைய ஆர்எக்ஸிலாவது ஓடிக்கொண்டிருக்கும்.