மூன்றரை வட்டி

எங்கள் ஊர்ப் பக்கம் வட்டியை ஆண்டுக் கணக்கில் சொல்லும் வழக்கம் இல்லை. நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி, இரண்டு ரூபாய் என்றால் இரண்டு வட்டி. மூன்று வட்டிக்குக் கடன் வாங்கியவரைப் பற்றிப் பேச நேர்ந்தால், படுத்த படுக்கையாகிவிட்டவரை விசாரிப்பது போல என் அப்பாவின் குரல் தாழ்ந்துவிடும். அவருடைய மகனாகிய நான் பதினான்கு மாதங்கள் மூன்றரை வட்டிக்குக் கடன்பட்டிருந்தேன். கையில் இருந்தது கிரெடிட் கார்டு என்பதால் அதை அந்தப் பெயரால் அழைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஊதாரித்தனம் என்று சொல்லும்படி எதுவும் செய்யவில்லை. மகளின் பள்ளிக் கட்டணம், பழுதாகிப்போன வாஷிங் மெஷினுக்கு மாற்று, ஒரு திருமணத்துக்குப் போய்வந்த செலவு எனச் சேர்ந்து பாக்கி 80,000 ரூபாயாகியிருந்தது. பில்லில் அதற்குக் கீழேயே, குறைந்தபட்சம் செலுத்த வேண்டிய தொகை 4,000 என்று இருந்தது. அதை ஒரு மாதமும் தவறாமல், கெடு தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே கட்டினேன். தாமதக் கட்டணம் விழவில்லை, கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்பதைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணும் சரியவில்லை என்பதில் எனக்குச் சற்றுப் பெருமைகூட இருந்தது.

பிறகு ஒருநாள் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன். எண்பதாயிரத்துக்கு மாதம் மூன்றரை சதவீத வட்டி 2,800 ரூபாய். அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 504 ரூபாய். நான் கட்டிய நாலாயிரத்தில் அசலுக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் 696 ரூபாய். முழுத் தொகையையும் கட்டாதவருக்கு வட்டியில்லாத அந்த நாற்பத்தைந்து, ஐம்பது நாள் சலுகை கிடையாது என்பதும், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. பெட்ரோலும் மளிகையும் அதே கார்டில் போய்க்கொண்டிருந்ததால், பதினான்காவது மாதத்திலும் பாக்கி எண்பதாயிரத்தை ஒட்டியே நின்றது.

யாரும் மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் கடன் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கையைப் பில்லிலேயே அச்சிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. என் பில்லிலும் அது இருந்தது, நான்தான் கடந்துபோனேன். கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. மூன்றரை வட்டி என்பது ஆண்டுக்கு 42 சதவீதம். இதையே தெருவில் ஒருவர் கேட்டிருந்தால் கந்துவட்டிக்காரர் என்று சொல்லி அவர் இருக்கும் பக்கமே போயிருக்க மாட்டேன்.

கடைசியில் மனைவியின் சங்கிலியை வங்கியில் அடகு வைத்து, ஆண்டுக்கு ஒன்பது சதவீதத்தில், அதாவது முக்கால் வட்டியில், நகைக்கடன் வாங்கிக் கார்டுப் பாக்கியை ஒரே தவணையில் தீர்த்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, மருமகளின் கழுத்தைப் பார்த்து அப்பா சங்கிலி எங்கே என்று கேட்டார். வங்கியில் இருக்கிறது என்றேன். லாக்கரில் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, பத்திரமான இடம்தான் என்றார்.