நோட்டீசில் கொடி

பாளையங்கோட்டை டீக்கடையில் ஒரு வேட்பாளரின் நோட்டீஸ் கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் தேசியக் கொடி. "தேசபக்தர்லா, இவருக்கே போடுவோம்" என்றார் கடைக்கார அண்ணாச்சி. "ஆத்து மணலப் பத்தி இதுல ஒரு வரி உண்டுமா அண்ணாச்சி?" என்றேன். சிரித்தார்.

1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி., கோவைச் சிறையில் செக்கிழுத்தவர். பறிபோன வக்கீல் சன்னது (தொழில் உரிமம்) திரும்பக் கிடைக்க உதவிய வெள்ளைக்கார நீதிபதி வாலஸின் நினைவாக மகனுக்கு வாலேசுவரன் என்றே பெயர் வைத்தார். தேசபக்திக்கு எனக்கு அந்த நன்றியுணர்ச்சிதான் அளவுகோல். இந்தக் காலத்துக்குக் கொஞ்சம் பெரிய கோல்தான்.

ராத்திரி தேர்தல் ஆணையத் தளத்தில் அந்த வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தைத் திறந்தேன். சொத்து, கடன், வழக்கு எல்லாம் இருந்தது. வழக்குப் பக்கத்தை மட்டும் அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்துட்டு. பதில் இன்னும் வரல.