வேதபாட வகுப்பில் லேவியராகமம் 19

நம் பள்ளியின் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதச் சொல்லிக் குழுவினர் கேட்டார்கள். அமராவதி ஆற்றுக் குளியலையும் ஆண்டு விழா நாடகங்களையும் எழுதப் பலர் இருப்பீர்கள். காலை முதல் மணிக்கு நடக்கும் வேதபாட வகுப்பைப் பற்றி ஒருவராவது எழுத வேண்டும் என்று எனக்குப் பட்டது. பரீட்சைக்கு வராத பாடம் அது. மார்க் கிடையாது. ஆனால் தாராபுரத்தை விட்டு வந்து இத்தனை வருடம் கழித்தும் வேலைக்குப் போகும் இடத்தில் என் கூடவே வருகிற பாடம் அதுதான்.

துபாயில் நாங்கள் கூடுகிற ஜெபக்கூட்டத்துக்குப் பிரசங்கிக்க வருகிறவர்கள் அடிக்கடி எடுக்கும் பொருள் பரிசுத்தமும், உலகத்தை விட்டுப் பிரிந்து வாழ்வதும். குடிக்காதே, சினிமா பார்க்காதே, நகை போடாதே, பக்கத்து வீட்டு நோம்பிப் பலகாரத்தைத் தொடாதே என்று சொல்வார்கள். அவர்களுடைய வைராக்கியத்தை மதிக்கிறேன். குடியை விட்டதால் தலையெடுத்த குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. ஆனாலும் பிரசங்கம் அந்தப் பட்டியலோடு முடிந்து ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொல்லும்போது, நம் வேதபாட வாத்தியார் இருந்தால் இங்கே நிறுத்தியிருக்க மாட்டாரே என்று மனசு அடித்துக்கொள்ளும்.

ஒன்பதாம் வகுப்பில் அவர் பைபிளின் பழைய ஏற்பாட்டில் உள்ள லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை எடுத்தார். "உங்கள் தேவனும் கர்த்தருமாகிய நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்ற இரண்டாம் வசனத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடச் சொன்னார். "ஏப்பா, இதுக்கு அப்புறம் கர்த்தர் என்ன சொல்லியிருப்பாருன்னு நெனைக்கறீங்க?" என்று கேட்டார். உபவாசம் இருக்கோணும், விடியக்காலம் ஜெபம் பண்ணோணும், கெட்ட பசங்களோட சேரக்கூடாது என்று ஆளுக்கொன்று சொன்னோம். "சரி, இப்ப ஆளுக்கொரு வசனமா வாசிங்க" என்றார்.

வாசிக்க வாசிக்க எங்களுக்கு ஆச்சரியம். வயலை அறுக்கும்போது ஓரத்தைத் தீர அறுக்காதே, உதிர்ந்ததைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் (வேற்றிடத்திலிருந்து வந்து தங்கியவனுக்கும்) உரியது. செவிடனைத் திட்டாதே, குருடனுக்கு முன்னால் தடுக்கல் வைக்காதே. நியாயம் தீர்க்கும்போது ஏழை என்றும் பார்க்காதே, பெரிய மனுஷன் என்றும் பார்க்காதே. நரைத்தவனுக்கு முன்பாக எழுந்திரு. "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்று இயேசு எடுத்துச் சொன்ன வசனமும் இந்த அதிகாரத்தில்தான் இருக்கிறது. எனக்கு விழுந்தது 13ஆம் வசனம். "கூலிக்காரனுடைய வேலைக்கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." அதை வாசித்துவிட்டு உட்கார்ந்தேன். எங்கள் அம்மா வெங்காயக் காட்டில் களை வெட்டிய கூலிக்காக மூன்று நாள் நடந்துகொண்டிருந்த வாரம் அது.

வெள்ளகோவிலிலிருந்து வந்த, வீட்டில் தறி ஓட்டுகிற பையன் ஒருவன் எழுந்து, "சார், ரெண்டு வகை நூல் கலந்த துணி உடுத்தக்கூடாதுன்னு போட்டிருக்குதுங்க. எங்க வீட்ல பாலியஸ்டரும் காட்டனும் கலந்துதானுங்க ஓட்டறோம்" என்றான். வாத்தியார் அதை நல்ல கேள்வி என்று எடுத்துக்கொண்டார். இஸ்ரவேலருக்கு அடையாளமாகக் கொடுத்த சட்டங்கள் சில இதில் இருப்பதையும், புறஜாதியாரிலிருந்து வந்த விசுவாசிகள் மேல் அந்தப் பாரத்தைச் சுமத்துவதில்லை என்று எருசலேமில் அப்போஸ்தலர்கள் தீர்மானித்ததையும் அப்போஸ்தலர் 15ஐ எடுத்துக் காட்டி விளக்கினார். "துணியில கலக்கலாம் கண்ணு, கணக்குலதான் கலக்கக்கூடாது" என்றார்.

மறுநாள் விடுதிச் சமையல் கட்டிலிருந்து ஒரு வள்ளத்தையும் சோளத்தையும் கொண்டுவரச் சொன்னார். வெளிநாட்டில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: வள்ளம் என்பது நம் கொங்கு நாட்டில் தானியம் அளக்கிற அளவு, நாலு படி கொண்டது. மேசை மேல் வைத்து மூன்று விதமாக அளந்து காட்டினார். முதலில் கூம்பாகக் குவித்து அளந்தார். பிறகு தலை தட்டி அளந்தார். மூன்றாவது தடவை கட்டை விரலை உள்பக்கம் விட்டுப் பிடித்துக்கொண்டு அளந்தார். எங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. மூன்றையும் தனித்தனியாகத் தரையில் கொட்டிய பிறகுதான் குவியலின் அளவு தெரிந்தது. "சுமுத்திரையான மரக்காலும், சுமுத்திரையான படியும் உங்களுக்கு இருக்கவேண்டும்" என்று அந்த அதிகாரத்தின் கடைசி வசனங்களை வாசித்தார். சுமுத்திரை என்றால் சரியான அளவு. வாங்கும்போது ஒரு வள்ளம், கூலி கொடுக்கும்போது வேறு வள்ளம் என்று இருந்த காலத்தை எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, சொல்லிக் கேட்டிருக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் அந்தக் கூலியில் வளர்ந்தவர்கள். யாரும் பேசவில்லை.

தாராபுரம், கரூர் வட்டாரங்களில் ஊழியம் செய்தவர்கள் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனரிகள். 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மெதடிஸ்டுகளும் அதில் இணைந்துவிட்டார்கள். ஆனாலும் நம் பழைய வாத்தியார்களிடம், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் பிடிமானம் போகவில்லை. 1743இல் வெஸ்லி தம் சங்கத்தாருக்கு எழுதிக்கொடுத்த பொது விதிகளை நம் வாத்தியார் ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைத்திருந்தார். குடிக்கவும் பொன் ஆபரணம் அணியவும் தடை இருப்பது எல்லாருக்கும் தெரியும். அதே பட்டியலில், தீர்வை கட்டாத சரக்கை வாங்கவோ விற்கவோ கூடாது, வாங்கும்போதும் விற்கும்போதும் வார்த்தையை வளர்க்கக் கூடாது, அநியாய வட்டிக்குக் கொடுக்கவும் வாங்கவும் கூடாது என்றும் இருக்கிறது. சமுதாயத்தோடு சேராத பரிசுத்தம் என்று ஒன்று கிடையாது என்று 1739லேயே வெஸ்லி எழுதினார். 1791 பிப்ரவரியில், சாவதற்குச் சில நாள் முன்பு அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸுக்கு எழுதிய கடிதம் அடிமை வியாபாரத்தை எதிர்த்துத்தான். பரிசுத்தத்தைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் பேசியவர் கடைசியில் வந்து நின்ற இடம் அது.

விடுதியில் நம் சமையல் அம்மாக்கள் உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சபைக் குடும்பங்கள் எல்லாவற்றிலும் அந்தக் கைப்பிடி அரிசிக் காணிக்கை உண்டு. ஞாயிற்றுக்கிழமை அதைக் கோவிலுக்குக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதே மூட்டை அரிசிதான், அதே கல்லும் நெல்லும் கிடக்கும். கர்த்தருக்கென்று எடுத்து வைத்ததால் அது உசத்தி அரிசி ஆகிவிடாது. விதவைகள் வீட்டு உலைக்குப் போகும். பிரித்தெடுக்கப்பட்ட ஜனம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் அந்தப் பானைதான் கண்ணில் வரும்.

நகை போடாத, வெள்ளை உடுத்துகிற பெந்தெகொஸ்தே சபைக் குடும்பத்தார் பற்றியும் சொல்ல வேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்தவன் அப்படிப்பட்ட வீட்டுப் பையன். சீர் செனத்தியில் எத்தனை பவுன் என்பதுதான் முதல் பேச்சாக இருக்கிற நம் ஊரில், அவனுடைய அம்மா தோட்டைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். மூளிக்காது என்று ஒறம்பரைகள் (சொந்தக்காரர்கள்) முகத்துக்கு நேரே சொன்னதைப் பொறுத்துக்கொண்டார்கள். கழற்றிய பவுனை விற்று, புருஷன் வாங்கி வைத்திருந்த கடனை அடைத்தார்கள். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுடைய வெறுங்காதுக்குப் பின்னால் அடைந்த கடன் இருந்தது. காது வெறுமையாக இருந்து கடன் அப்படியே நிற்கிற வீடுகளையும் பின்னாளில் பார்த்தேன்.

எல்லாவற்றையும்விட என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு. பிரிந்து வாழ்வது என்பது எங்கள் ஜனத்துக்குப் புதிதா என்ன? கிறிஸ்துவை அறியும் முன்பே எங்களைப் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். குடியிருப்பு தனி, கிணறு தனி. "டீக்கடையில நமக்குச் செரட்டையிலதான் ஊத்துவாங்க சாமி, எட்ட நின்னு குடிச்சுப்போட்டு அங்கயே கவுத்து வெச்சுட்டு வரோணும்" என்று அம்மாயி சொல்வார். சுத்தம் என்கிற பெயரில் ஒதுக்கப்பட்ட மனிதர்களிடம் வந்து, நீங்கள் பரிசுத்த ஜனம் என்று உபதேசியார் சொன்னபோது அது அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

உபதேசியார் சில கட்டுப்பாடுகள் வைத்தார். கள்ளு கூடாது, செத்த மாட்டுக் கறி கூடாது, ஓய்வுநாளில் வேலைக்குப் போகக் கூடாது. பண்ணையத்தில் வருஷக் கூலிக்கு இருந்தவர்களுக்கு அந்த மூன்றாவதுதான் கடினம். "ஞாயித்துக்கெழமை வரமாட்டோமுங்க பண்ணாடி" என்று எங்கள் தாத்தா நிலக்காரரிடம் போய்ச் சொன்ன கதை வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். அதற்காகக் கூலியில் ஒரு மாதக் கம்பு தானியம் பிடிக்கப்பட்டது. ஆனாலும் அவர் போகவில்லை. எகிப்தில் நீ அடிமையாயிருந்ததை நினைத்து உன் வேலைக்காரனையும் இளைப்பாறவிடு என்றுதான் உபாகமம் 5 ஓய்வுநாளைப் பற்றிச் சொல்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது தனக்கென்று இருந்த முதல் தலைமுறை எங்கள் தாத்தாவுடையது. அம்மாயி வாசிக்கத் தெரியாதவர். "நாம கும்புடற சாமி சுத்தமானவரு கண்ணு, நாமளும் சுத்தமா இருக்கோணும்" என்பார். ஆனால் அவர் வாசலில் வந்து நின்ற யாரையும், எந்தச் சாதியானாலும், திண்ணையோடு நிறுத்தி அனுப்பியதில்லை.

வாத்தியார் அழுத்திச் சொல்லிக் கொடுத்த இன்னொரு வசனம் ஏசாயா 65இல் இருக்கிறது. "நீ அங்கேயிரு, என் சமீபத்தில் வராதே, உன்னைப்பார்க்கிலும் நான் பரிசுத்தன்" என்று சொல்கிறவர்களைக் கர்த்தர் தம் மூக்கில் ஏறும் புகை என்கிறார். நம் சபைகளுக்குள்ளேயே பெண் கொடுப்பதிலும் கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்க்கிற வழக்கம் இருக்கிறபோது, பரிசுத்தத்தைப் பேசுகிறவர்கள் முதலில் அந்த வசனத்தைப் பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். செரட்டையில் டீ குடித்தவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்னொருவரை எட்ட நிறுத்துவதைக் காண எனக்குத் தாங்கவில்லை.

பள்ளி முடிந்து திருப்பூருக்குப் போனேன். அங்கே நமக்குச் சில வருடம் மூத்த அண்ணன் ஒருவர் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைதோறும் வாரச் சம்பளம். கட்டிங், தையல், செக்கிங், கைமடி என்று எல்லாரும் வரிசையில் நிற்பார்கள்; அவர் ஒவ்வொருவர் கையிலும் எண்ணிக் கொடுப்பார். ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர்களுக்கு உண்மையில் கொடுப்பதை ஒரு நோட்டிலும், அதிகாரிகள் வந்தால் காட்ட வேண்டியதை வேறு நோட்டிலும் எழுதச் சொன்னபோது அவர் முடியாது என்றார். அடுத்த சனிக்கிழமை அவருக்குக் கணக்குத் தீர்த்துவிட்டார்கள். "ஏனுங்ண்ணா, கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாமல்லங்?" என்று கேட்டேன். "ரெண்டு வள்ளம் வெச்சுக்கக் கூடாதுன்னு நம்ம வாத்தியார் அளந்து காட்டினாரல்ல தம்பி" என்றார். பிறகு ஒரு மளிகைக் கடையில் குறைந்த சம்பளத்துக்குப் பல வருடம் இருந்தார். அவர் சினிமாவும் பார்த்தார், டீக்கடை பெஞ்சில் எல்லாரோடும் உட்கார்ந்து பேப்பரும் படித்தார். நான் பார்த்தவர்களில், வேதம் சொல்கிறபடி உலகத்துக்கு ஒத்த வேஷம் தரிக்காதவர் அவர்தான்.

பின்னால் எங்கள் அக்கா மகள் ஒரு நூற்பாலைக்குப் போனாள். சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்து, மூன்று வருடம் மில் விடுதியிலேயே தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருவோம் என்று கொங்கு மண்டல ஆலைகள் பலவும் வயசுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட காலம் அது. பஞ்சுத் தூசியில் மூச்சு இழுப்பு வந்து தவணை முடியும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டாள். மொத்தத் தொகை கிடைக்கவில்லை. விடியற்காலம் வரை கூலியை வைத்திருக்காதே என்கிறது வேதம். மூன்று வருடம் வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் நம் சபைப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காக எந்தக் கன்வென்ஷன் மேடையிலும் லேவியராகமம் 19 பிரசங்கிக்கப்பட்டதை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

இங்கே நான் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடுகிறேன். 2009இல் அமீரகத்தில் சம்பளப் பாதுகாப்பு முறை வந்த பிறகு சம்பளம் வங்கி அல்லது அனுமதி பெற்ற பணப் பரிமாற்ற நிறுவனம் வழியாகவே போக வேண்டும், தாமதமானால் அரசுக்குத் தெரிந்துவிடும். வேத வசனத்தைச் சட்டமாக்கியது போல எனக்குத் தோன்றும். ஓவர்டைம் மணிக்கணக்கை மட்டும் நானே தளத்துக்குப் போய்ச் சரிபார்க்கிறேன். சகரியா 14இல் ஒரு வசனம் உண்டு. பிரதான ஆசாரியனுடைய பொற்பட்டத்தில் இருந்த "கர்த்தருக்குப் பரிசுத்தம்" என்ற எழுத்து, அந்நாளிலே குதிரைகளின் மணிகளில் எழுதியிருக்கும் என்கிறது. வாத்தியார் அதைச் சொன்னபோது பள்ளிக்கு விறகு ஏற்றி வந்த காங்கேயம் மாடுகளின் கழுத்து மணி வெளியே கேட்டது. "அந்த மணியிலயும் எழுதலாம்" என்றார். சம்பளப் பட்டியலிலும் எழுதலாம் என்று நான் நம்புகிறேன்.

சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. பள்ளி முகப்பில் வளைவு கட்ட நிதி சேர்ப்பதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு முன், நமக்குச் சமைத்துப் போட்டு வயதாகி வீட்டில் இருக்கும் விடுதி அம்மாக்களுக்கு மாதாமாதம் ஒரு தொகை அனுப்ப ஏற்பாடு செய்வோம். பென்ஷன் என்று அவர்களுக்கு ஒன்றும் கிடையாது. என் பங்கைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் அவருக்குத் தெரியப்படுத்துங்கள். மாதம் பிறந்ததும் முதல் தேதியிலேயே அவர்கள் கைக்குப் பணம் போய்ச் சேர வேண்டும்.