பத்துக்கு எத்தனை?

ஜனவரி 9, 2025. வியாழன்

நாலாவது கரண்ட் (தொண்டைக்குக் கதிர்வீச்சு). வலி பத்துக்கு 1.

முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டருக்கு இன்று இறுதி மரியாதை. அரசு அலுவலகமெல்லாம் லீவு, மெஷினுக்கு லீவு இல்லை. காத்திருக்கும் அறையில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முந்தின நேரத்துக்காரர், எட்டே முக்கால்காரர், திரையைப் பார்த்தபடி, "நல்ல மனுஷர், ஆனா சுமாரான ஜனாதிபதி" என்றார். என் மனைவி சரோஜாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

அவள் பாட்டி காலில் நரம்புச் சிலந்தி (தோலைத் துளைத்து வரும் நீளப் புழு) வந்திருந்ததாம். தீக்குச்சியில் சுற்றி, நாளுக்கு ஒரு விரற்கடை இழுப்பார்களாம். அவசரப்பட்டு அறுந்துபோனால் கால் வீங்கிவிடும். 1986-ல் உலகத்தில் 35 லட்சம் பேருக்கு இருந்த நோய் அது. அதை ஒழிக்கும் வேலையைக் கார்ட்டர் கையில் எடுத்தார். 2023-ல் 14 பேர். நம் ஊரில் ஒழித்தது நம் அரசாங்கம்தான், கார்ட்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "மத்த ஊர்ல?" என்றாள்.

வீட்டுக்கு வந்து தேடினேன். சி-ஸ்பான் என்கிற அமெரிக்க டிவி, வரலாற்றாசிரியர்களைக் கேட்டு ஜனாதிபதிகளை வரிசைப்படுத்திய 2021 பட்டியலில் அவருக்கு 26-வது இடம். பதவியில் இருந்த நாலு வருஷத்துக்கு மட்டும்தான் மார்க். அதற்கப்புறம் வாழ்ந்த 44 வருஷம் கணக்கிலேயே வராது.

ஜனவரி 14. செவ்வாய்

பொங்கல். முந்திரி தெரிகிறது, நெய் தெரிகிறது, ருசி தெரியவில்லை. அவளிடம் நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜனவரி 16. வியாழன்

ஒன்பதாவது கரண்ட். வலி 3.

"பத்துக்கு எத்தனை?" தினமும் நர்ஸம்மா கேட்கிறார். பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை, பத்து என்றால் வாழ்க்கையிலேயே மோசமான வலி. மூன்று என்கிறேன். எதை வைத்து மூன்று? 1987-ல் சிறுநீரகக் கல்லை வைத்தா? அது எட்டு என்று அப்போது சத்தியம் செய்திருப்பேன், இப்போது ஐந்துதான் தேறும். வலி அதேதான், நான் போடும் மார்க்தான் இறங்கிவிட்டது.

அந்தப் பட்டியலும் இப்படித்தான் போடுகிறார்கள். 2021-ல் 142 பேர், பத்துத் தலைப்பு: நெருக்கடியைச் சமாளித்தது, பொருளாதாரம், தார்மிக அதிகாரம், காங்கிரஸோடு உறவு, இப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து பத்துக்குள் மார்க். கூட்டினால் லிங்கன் முதலில், புக்கானன் கடைசியில். இதுவரை நாலு முறை நடந்திருக்கிறது, நாலு முறையும் முதலிடம் லிங்கனுக்குத்தான். அந்த ஒரு இடத்தில் யாருக்கும் தகராறு இல்லை. ரகளையெல்லாம் நடுவில்.

1962-ல் வரலாற்றுப் பேராசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர் (சீனியர்) இப்படி மார்க் போடும் ஒரு தாளை ஜனாதிபதி கென்னடிக்கே அனுப்பினார், அவர் பதவியில் இருக்கும்போதே. கென்னடி நிரப்பவில்லை. அந்த நாற்காலியில் உட்காராதவன், அந்த மேஜைக்கு வந்த கடிதங்களைப் படிக்காதவன் யாருக்கும் மார்க் போடும் உரிமை இல்லை, பாவம் புக்கானனுக்குக்கூட, என்று ஒரு வரலாற்றாசிரியரிடம் எரிந்து விழுந்தாராம். உள்நாட்டுப் போரை லிங்கன் மடியில் கட்டிவைத்துவிட்டுப் போன புக்கானன்! கடைசி பெஞ்சுக்காரனுக்குப் பரிந்து பேச அதே பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான் வரவேண்டியிருக்கிறது.

நாளைக்கு நர்ஸம்மாவிடம், "நீங்க கரண்ட் வைக்கும்போது மாட்டுற இந்த முகமூடியைப் போட்டுப் படுத்துப் பாருங்க" என்று சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன். நல்ல பெண்.

ஜனவரி 20. திங்கள்

மார்ட்டின் லூதர் கிங் நாள், கரண்ட் இல்லை. டிரம்ப் பதவியேற்பு குளிருக்குப் பயந்து உள்ளே நடந்ததாம். மகன் வாட்ஸ்அப்பில் கொதிக்கிறான். இன்று நான் யாருக்கும் மார்க் போடவில்லை.

ஜனவரி 25. சனி

நியூயார்க்கில் இருக்கும் கிராண்ட் சமாதிக்குப் போனோம். உள்நாட்டுப் போரில் லிங்கன் பக்கத் தளபதி, பிறகு ஜனாதிபதி. ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் தினமும் அந்த வழியாகத்தான் போகிறது, இறங்கினதே இல்லை. சரோஜா மஃப்ளரை மூக்குவரை ஏற்றிக் கட்டிவிட்டாள்.

உள்ளே நடுவில் வட்டமாகத் திறந்திருக்கிறது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குனிந்தால் கீழே இரண்டு செந்நிறக் கல்பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில். அவரும் மனைவி ஜூலியாவும். "கிராண்ட் சமாதியில் புதைக்கப்பட்டது யார்?" என்று இங்கே ஒரு பழைய ஜோக் உண்டு. மண்ணில் யாரையும் புதைக்கவில்லை, பெட்டியில்தான் இருக்கிறார்கள், அதனால் யாருமில்லை என்பதுதான் சரியான விடை. சரோஜா சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் பக்கத்துலயே இருக்காங்க" என்றாள்.

1885-ல் இவர் சவ ஊர்வலத்துக்கு இதே ஊரில் பத்து லட்சம் பேருக்கு மேல் தெருவில் நின்றார்கள். இந்தக் கட்டடத்துக்குச் சுமார் 90,000 பேர் காசு கொடுத்தார்கள். அன்றைக்குச் சாலையில் நின்றவனைக் கேட்டிருந்தால் வாஷிங்டன், லிங்கன், கிராண்ட் என்று மூச்சுவிடாமல் சொல்லியிருப்பான். 1948-ல் ஷ்லெசிங்கர் 55 பேரைக் கேட்டார். 29 பேர் கொண்ட பட்டியலில் கிராண்ட் 28-வது. அவருக்குக் கீழே ஹார்டிங் மட்டும்.

1990-கள் தொடக்கத்தில் இந்தச் சுவரெல்லாம் கிறுக்கலாம், குப்பையாம். வாரிசுகள் பெட்டிகளைக் கிளப்பிக்கொண்டு இல்லினாய்ஸுக்குப் போய்விடுவோம் என்று மிரட்டிய பிறகுதான் சீர்செய்தார்கள். வெளியே மொசைக் பெஞ்சுகள் பாம்பாக நெளிகின்றன, 1970-களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து ஒட்டியவை. ஒரு மீன், ஒரு டாக்ஸி. அதில் உட்கார்ந்து ஆறிப்போன கஞ்சியைக் குடித்தேன். இறங்கியது. வலி 4.

ஜனவரி 30. வியாழன்

குரல் போய்விட்டது. காலையில் "காபி" என்றேன், காற்றுதான் வந்தது. மகள் சின்ன சிலேட்டும் பேனாவும் அனுப்பியிருக்கிறாள்.

கிராண்டும் சீட்டு எழுதித்தான் டாக்டரிடம் பேசினார். அவருக்கும் தொண்டைப் புற்றுநோய்தான். 1884 கோடையில் ஒரு பீச் பழத்தைக் கடித்தவர் பூச்சி கொட்டியதாக நினைத்துத் துள்ளினாராம். டாக்டரிடம் ஒழுங்காகப் போக அக்டோபர் ஆகிவிட்டது. (நான் ஐந்து மாதம். சரோஜா இதைப் படிக்கக்கூடாது.) அவருக்குக் கொக்கைன் கரைசல் தடவினார்கள், எனக்கு மரத்துப்போக லிடோகெயின் கொப்பளிப்பு.

ராத்திரி மூன்று மணிக்கு ஓடிக்கொண்டே இருந்தது சுருட்டு விஷயம்தான். 1862-ல் உள்நாட்டுப் போரில் டோனெல்சன் கோட்டையைப் பிடித்ததும் பேப்பரில் அவரைச் சுருட்டோடு எழுதிவிட்டார்கள். நாடு முழுக்க இருந்து பெட்டி பெட்டியாகச் சுருட்டு வந்து குவிந்தது, ஆயிரக்கணக்கில். அதுவரை கொஞ்சமாகப் பிடித்தவர் வந்ததை வீணாக்குவானேன் என்று பிடித்தார். ஜனங்கள் போட்ட முதல் மார்க் அதுதான், பத்துக்குப் பத்து. கொடுத்தவன் பெயர் ஒன்றுகூட யாருக்கும் தெரியாது.

எனக்குச் சுருட்டு அனுப்பியவர் யாருமில்லை. நானே காசு கொடுத்து வாங்கினேன்.

பிப்ரவரி 3. திங்கள்

கிராண்ட் இறந்தது 63 வயதில். எனக்கு 63.

பிப்ரவரி 6. வியாழன்

இருபத்து மூன்று. 6. எடை ஒன்பது கிலோ இறங்கியிருக்கிறது.

எட்டே முக்கால்காரருக்கும் குரல் இல்லை, அவருக்கும் ஒரு பலகை. இரண்டு ஊமைகள் எழுதி எழுதிக் காட்டிக்கொள்கிறோம். உன் முதல் ஐந்து யார் என்றேன். லிங்கன், ரூஸ்வெல்ட் (இரண்டாமவர்), கிராண்ட், ஜான்சன் (இரண்டாமவர்), ஒபாமா. வாஷிங்டன் எங்கே என்று எழுதினேன். துடைத்துவிட்டுப் பெரிதாக எழுதிக் காட்டினார்: "அவர் எங்க ஆளுங்களைச் சொந்தமா வெச்சிருந்தார்."

2011-ல் கேலப் கருத்துக்கணிப்பில் மிகச் சிறந்த ஜனாதிபதி யார் என்று பொதுஜனத்திடம் கேட்டபோது ரீகன் 19 சதவீதத்தோடு முதலில் வந்தார், லிங்கன் 14, கிளின்டன் 13. கண்ணால் பார்த்தவர்களைத்தான் ஜனங்களுக்கு ஞாபகம் இருக்கிறது, மற்றபடி லிங்கன். இதை எழுதிக் காட்டினால் அவர் தோளைக் குலுக்கினார். பூர்வீகம் தென் கரோலினா. 1871-ல் கிராண்ட் பட்டாளத்தை அனுப்பிக் கறுப்பர்களைத் தாக்கிய வெள்ளையர் கும்பலான கூ க்ளக்ஸ் கிளானை அடக்கியது அங்கேதான். அவர் எழுதியதை அப்படியே போடுகிறேன்: "எங்க பாட்டி வீட்டில் அவர் எப்பவும் மேலேதான். பட்டியல் போட்டவங்க யாரும் வந்து கேக்கலை."

1948-ல் கேட்ட 55 பேர் படித்த புத்தகங்கள், உள்நாட்டுப் போரில் தெற்கின் தோல்வியைத் தியாகக் கதையாக்கியவர்கள் காலத்தில் எழுதப்பட்டவை. கிராண்ட் குடிகாரர், சுற்றிலும் திருடர்கள் என்று. திருடர்கள் இருந்தார்கள், அது பொய்யில்லை. விஸ்கி வரி ஊழல் அவர் செயலாளர் வரைக்கும் வந்தது. ஆனால் அதை மட்டும் பார்த்தார்கள். சி-ஸ்பானில் கிராண்டுக்கு 2000-ல் 33, அப்புறம் 23, 22, 2021-ல் 20. அதே இருபது வருஷத்தில் பூர்வகுடிகளை விரட்டிய ஆண்ட்ரூ ஜாக்சன் 13-லிருந்து 22-க்கு இறங்கினார். இரண்டு பேருமே பெட்டிக்குள் அசையாமல் இருந்தபடி ஒருவரை ஒருவர் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

பிப்ரவரி 11. செவ்வாய்

எட்டே முக்கால்காரர் முடித்துவிட்டார், சிகிச்சை முடிந்தவர்கள் அடிக்கும் மணியை அடித்தார். மூன்று முறை அடிக்கச் சொன்னார்கள், அவர் ஐந்து அடித்தார். போகும்போது பலகையைத் திருப்பிக் காட்டினார்: "கார்ட்டர், ஆறாவது." சரோஜாவுக்கு.

பிப்ரவரி 13. வியாழன்

வலி எட்டு. எழுத முடியவில்லை.

பிப்ரவரி 17. திங்கள்

ஜனாதிபதிகள் தினம். அதனால் கரண்ட் கிடையாது, ஒரு நாள் தள்ளிப்போகிறது. லிங்கன் வந்து கேட்டாலும் இதற்குப் பத்துக்கு ஒன்றுதான் போடுவேன்.

கிராண்ட் கடைசி மாதம் டாக்டருக்கு எழுதிய சீட்டு ஒன்று. நான் ஒரு பிரதிப்பெயர்ச்சொல் இல்லை, வினைச்சொல் என்று நினைக்கிறேன்; வினைச்சொல் என்றால் இருத்தல், செய்தல், படுதல்; நான் மூன்றும் என்கிறார். இதைத் தமிழில் யோசித்துக்கொண்டே மத்தியானம் போயிற்று. நம்மிடம் ‘படு’ ஒன்றே எல்லாம். துன்பப்படு, பாடுபடு, சும்மா படு. செயப்பாட்டுவினைக்கும் அதே படுதான்: மதிக்கப்பட்டார், தூற்றப்பட்டார், 28-வது இடத்தில் வைக்கப்பட்டார். செத்தபிறகு இருத்தலும் செய்தலும் போய்விடும். படுதல் மட்டும் நிற்கும்போல.

அந்தச் சீட்டை எழுதும் மனிதர் கடனாளி. பெண்டாட்டிக்காகத் தன் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார், முடித்து ஒரு வாரத்துக்குள் போய்விட்டார். புத்தகப் பணம் ஜூலியாவுக்குச் சுமார் நாலரை லட்சம் டாலர் வந்தது. பத்துத் தலைப்பில் இதற்கு இடமில்லை.

சரோஜா பேங்க் பாஸ்வேர்டுகளை எழுதித் தரச் சொன்னாள். இப்போது எதற்கு என்று எழுதினேன். "சும்மாதாங்க" என்றாள்.

பிப்ரவரி 21. வெள்ளி

முப்பத்து மூன்று. 7. நர்ஸம்மா கேட்கும் முன்னாலேயே சிலேட்டைக் காட்டினேன். அவர் எண்ணைப் பார்க்கவில்லை, முகமூடி அழுத்திய வலைத்தடத்தைக் கன்னத்தில் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

பிப்ரவரி 24. திங்கள்

34. பாஸ்வேர்டுகளை எழுதிவிட்டேன். வங்கி, கரண்ட் பில், போன். நாலாவதை எழுதும்போது பேனாவில் மை தீர்ந்துவிட்டது.